நாலு ஆட்டின், டபுள்

நம் வயசுக்காரர்கள் நாலு பேர் சேர்ந்தால் பேச்சு எப்படியும் அம்மாவின் கையில் வந்து நிற்கிறது. அம்மா கையால் பிசைந்த சோறு, அம்மா கையால் தேய்த்த எண்ணெய். நீங்கள் சொல்லச் சொல்ல நானும் தலையாட்டிக்கொண்டிருப்பேன். எனக்கு அம்மாவின் கை என்றால் முதலில் நினைவுக்கு வருவது பதிமூன்று சீட்டு. விசிறி மாதிரி விரித்து நெஞ்சோடு சேர்த்துப் பிடித்த பதிமூன்று சீட்டு. எங்கள் அம்மா பிரிட்ஜ் ஆடுவாள். உலகச் சண்டை நடந்துகொண்டிருந்த அந்த வருஷங்களில், ராஜபாளையத்தில், கிறிஸ்தவ வேதக்காரக் குடும்பத்துப் பெண்பிள்ளை சீட்டைத் தொட்டாள் என்றால் ஊர் என்ன சொல்லியிருக்கும் என்று உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

மில் காம்பவுண்டுக்குள்ளேயே எங்கள் வீடு. காலையில் வாசல் தெளிக்கிற தண்ணீரின் மேல் பஞ்சுத்தூசி வெள்ளையாகப் படிந்து மிதக்கும். கொடியில் காய்கிற துணி, தயிர்ச்சட்டி, அக்காவின் தலைமுடி, எல்லாவற்றிலும் பஞ்சு. அப்பா நூற்புப் பகுதியில் மாஸ்டருக்கு அடுத்த இடத்தில் இருந்தார். அந்த வேலையை வாங்கிக் கொடுத்தது மானேஜர். அவரும் எங்கள் சபைக்காரர்தான், தெற்கே இருந்து வந்தவர். பெரிய உடம்பு, அதைவிடப் பெரிய குரல். அவருடைய பங்களாவுக்குள் யாராவது நுழைந்தால் வெள்ளைநாய் ஒன்று சங்கிலியை இழுத்துக்கொண்டு குரைக்கும். அதை அடக்க அவர் போடுகிற சத்தம் நாயின் சத்தத்தைவிட அதிகமாக இருக்கும்.

எனக்குப் பன்னிரண்டு வயது நடந்துகொண்டிருந்தது. அக்கா பள்ளி இறுதிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். மதுரையில் காலேஜ் சேர வேண்டும் என்பது அவள் ஆசை. அவளைவிட அம்மாவின் ஆசை. அம்மா கல்யாணத்துக்கு முன்னால் ஸ்ரீவில்லிபுத்தூரில் மிஷன் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். மானேஜர் கடைசிவரை அவளை 'டீச்சர்' என்றுதான் கூப்பிட்டார்.

பங்களாவில் சனிக்கிழமை சாயங்காலம் சீட்டுக் கச்சேரி நடக்கும். மானேஜர், அவர் சம்சாரம், அப்பா, ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து ரயிலில் வருகிற வக்கீல் மாமா. வக்கீல் மாமா திருமண் இட்ட வைஷ்ணவர். எங்கள் தண்ணீரைக்கூட வாய் வைக்காமல் அண்ணாந்துதான் குடிப்பார். சீட்டுக்கு மட்டும் எந்த ஆசாரமும் பார்க்கமாட்டார். அந்தத் தை மாசம் மானேஜர் சம்சாரம் பிரசவத்துக்குத் தாய்வீடு போய்விட்டார். நாலாவது கை இல்லை. "டீச்சரைக் கூட்டிட்டு வாப்பா, கணக்குத் தெரிஞ்சவுகதானே" என்றார் மானேஜர். அப்பாவால் அவர் சொன்னதை மறுக்க முடியாது. அப்படித்தான் அம்மா அப்பாவுக்கு ஜோடியாக அந்த மேஜைக்குப் போனாள். கூடவே நானும் போனேன். அக்கா வீட்டில் படித்துக்கொண்டிருப்பாள்.

ஆட்டம் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. இரண்டிரண்டு பேர் ஜோடி. முதலில் ஏலம் நடக்கும். இன்ன ஜாதிச் சீட்டு துருப்பு, இத்தனை பிடி நான் பிடிப்பேன் என்று சொல்லி ஒருவருக்கு மேல் ஒருவர் ஏற்றிக்கொண்டு போக வேண்டும். ஜாதி நாலு, ஆட்டின், டைமன், இஸ்பேட், கிளாவர்; 'நாலு' என்று கேட்டால் ஆறுக்கு மேல் நாலு, அதாவது பதிமூன்றில் பத்துப் பிடி. ஏலத்தை எடுத்தவர் சொன்னபடி பிடிக்காவிட்டால் விழுந்தார் என்று அர்த்தம், எதிராளிக்குப் புள்ளி. சின்னதாக ஆரம்பித்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஏறினால்தான் ஜோடிகள் தங்கள் கையில் இருப்பதை ஒருவருக்கொருவர் தெரிவித்துக்கொள்ள முடியும். மானேஜர் அதற்கே இடம் கொடுக்கமாட்டார். ஒரே ஜாதியில் ஏழு சீட்டு சேர்ந்துவிட்டால் போதும், மற்றதெல்லாம் குப்பையாக இருந்தாலும் எடுத்த எடுப்பிலேயே "மூணு டைமன்!" "நாலு ஆட்டின்!" என்று மேஜையில் அறைவார். மற்றவர்களுக்கு வாய் அடைத்துப்போகும். அப்பா பயந்துபோய் அதற்கு மேல் ஏதாவது கேட்பார். கேட்டுவிட்டு விழுவார். வாராவாரம் இதே கதை.

அம்மா ஒரு மாசம் பேசாமல் ஆடினாள். பிறகு ஒரு நாள் மத்தியானம் பாயில் சீட்டைப் பரப்பி, நாலு கையாகப் போட்டு, இரண்டு கையை நான் ஆட, இரண்டை அவள் ஆடினாள். அவளுடைய சீட்டுக்கட்டின் முதுகில் நீலத்தில் ஒரு வாத்துக் கூட்டம் இருக்கும். மானேஜருக்கு முந்தின சனிக்கிழமை வந்த சீட்டையெல்லாம் அவள் அப்படியே ஞாபகம் வைத்திருந்து எடுத்துப் போட்டாள்.

"பாத்தியா? கையில ஒண்ணுமே இல்லை. வெறும் சத்தம்" என்றாள். "சத்தத்துக்குப் பயந்து நாமளும் மேல ஏறுனா நாமதான் விழுவோம். டபுள்னு சொல்லிட்டு அசையாம இருக்கணும். அம்புட்டுத்தான்."

எதிராளி கேட்டது தேறாது என்று தெரிந்தால் 'டபுள்' சொல்லலாம். அதற்கப்புறம் அவர் விழுந்தால் விழுகிற அடி இரண்டு மடங்கு. சொல்வதற்கு நெஞ்சழுத்தம் வேண்டும், ஏனென்றால் அவர் பிடித்துவிட்டால் லாபமும் அவருக்கு இரண்டு மடங்கு.

ஒரு சனிக்கிழமை அம்மா சொன்னாள். மானேஜர் மூணு கிளாவர் கேட்டிருந்தார். அப்பா அன்றைக்கு என்ன நினைத்தாரோ, வாயைத் திறக்கவில்லை. மானேஜர் நன்றாக விழுந்தார். விழுந்துவிட்டுச் சிரித்தார். வக்கீல் மாமா, "பலே, டீச்சரம்மா!" என்றார். வீட்டுக்கு நடந்து வரும்போது அம்மா ஏதோ கீர்த்தனையை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். திங்கட்கிழமை மத்தியானம் சாப்பிட வந்த அப்பாவின் முகம் கறுத்துக் கிடந்தது. மானேஜர் மில்லில் அவரிடம் ஒரு வார்த்தை பேசவில்லையாம். "வேலை மும்முரமா இருந்திருக்கும்" என்று சொல்லி அம்மா அவருக்கு ரசம் ஊற்றினாள். அவர் ரசத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தத் திங்கட்கிழமைதான் எல்லாவற்றுக்கும் ஆரம்பம் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

இதற்கிடையில் சபையில் விஷயம் பரவிவிட்டது. தவக்காலத்தில் ஒரு ஞாயிறு, போதகர் சீட்டு ஆட்டத்தைப் பற்றியே முழுப் பிரசங்கமும் செய்தார். யார் பேரையும் சொல்லவில்லை. சொல்லாமலே பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலையும் திரும்பியது. அம்மா பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்திருந்தாள். மானேஜர் முன்வரிசையில் உட்கார்ந்து தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்.

ஈஸ்டர் கழிந்து ஸ்ரீவில்லிபுத்தூர் வக்கீல்கள் கிளப்பில் ஆண்டு விழா வந்தது. பிரிட்ஜ் போட்டியில் மானேஜரும் வக்கீல் மாமாவும் ஒரு ஜோடி. "நீயும் டீச்சரும் ஒரு ஜோடி" என்று மானேஜரே அப்பாவிடம் சொல்லிவிட்டார். அந்தக் கிளப்பில் அதற்கு முன் ஒரு பெண்பிள்ளை சீட்டுப் பிடித்ததில்லை.

போட்டிக்கு முந்தின நாள் காலையில் அப்பா கிணற்றடியில் கண்ணாடியை மாட்டிவைத்து முகம் மழித்துக்கொண்டிருந்தார். அம்மா வாளியைக் கீழே வைத்துவிட்டு அவர் முன்னால் போய் நின்றாள்.

"ஏங்க, ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. சின்ன ஏலத்துல நான் டபுள் சொன்னா 'நீங்க பேசுங்க'ன்னு அர்த்தம். நாலுக்குப் போயிட்டா 'நீங்க பேசாதீங்க'ன்னு அர்த்தம். நாலுல நான் டபுள் சொன்னா நீங்க வாயைத் திறக்கக் கூடாது."

"சரிட்டி."

"கையில எதை வச்சிருந்தாலும்."

"சரின்னேன்ல. வேதத்து மேல கை வச்சுச் சத்தியம் பண்ணட்டா?" என்று அப்பா சோப்பு நுரையோடு சிரித்தார். அம்மாவும் சிரித்தாள். நான் பல் விளக்கிக்கொண்டு நின்றேன். அவர்கள் இரண்டு பேரும் சேர்ந்து அப்படிச் சிரித்தது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

கிளப்பில் சுருட்டு வாசனையும் பன்னீர் வாசனையும் கலந்து அடித்தது. அம்மா கறுப்புக் கரை போட்ட சந்தன நிறப் புடவை கட்டியிருந்தாள். அவளுக்குப் பின்னால் எனக்கு ஒரு முக்காலி போட்டார்கள். "மூஞ்சியில ஒண்ணும் காட்டாதே" என்று மட்டும் அம்மா சொல்லியிருந்தாள். மத்தியானம் பூரா அவர்கள் ஜெயித்துக்கொண்டே வந்தார்கள். சாயங்காலம் கடைசி மேஜைக்கு மானேஜரும் வக்கீல் மாமாவும் எதிரே வந்து உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு ஆட்டம் ஜெயித்தாயிற்று. மூன்றாவதில்தான் தீர வேண்டும். மற்ற மேஜைக்காரர்கள் எழுந்து வந்து சுற்றி நின்றுகொண்டார்கள்.

மானேஜர் சீட்டை எடுத்தார். சரியாக அடுக்கக்கூட இல்லை.

"நாலு ஆட்டின்!"

அடுத்து அம்மா. நான் அவள் தோளுக்கு மேலாகப் பார்த்தேன். இன்றைக்கும் கண்ணை மூடினால் தெரிகிறது. சிவப்பு ஆட்டினில் ராஜா, ஜாக்கி, ஒன்பது, நாலு. இஸ்பேட் ஏஸ். டைமனில் ஏஸும் ராஜாவும். மானேஜருக்கு அடுத்தாற்போல் உட்கார்ந்திருந்ததால் அவர் எந்தத் துருப்பை இறக்கினாலும் பார்த்துவிட்டு மேலே போட அவள் காத்திருக்கலாம். அவர் அதைவிடச் சரியாக வந்து மாட்டியிருக்க முடியாது. மூஞ்சியை இறுக்கிக்கொண்டேன்.

"டபுள்" என்றாள் அம்மா, வகுப்பில் பேர் கூப்பிடுகிற குரலில்.

வக்கீல் மாமா, "பாஸ்" என்றார்.

அடுத்து அப்பா. 'பாஸ்' என்ற ஒரு சொல்தான் பாக்கி. அவர் தன் சீட்டைப் பார்க்கவில்லை. அம்மாவைப் பார்க்கவில்லை. மானேஜரின் முகத்தைப் பார்த்தார். மானேஜர் சுருட்டை வாயிலிருந்து எடுத்துக் கையில் வைத்திருந்தார், அவ்வளவுதான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. இதை நான் அடித்துச் சொல்வேன்.

"நாலு இஸ்பேட்" என்றார் அப்பா.

அம்மாவின் முதுகு என் கண்ணுக்கு நேரே இருந்தது. அது அசையவில்லை. மானேஜரும் அம்மாவும் 'பாஸ்' சொன்னார்கள். வக்கீல் மாமா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, மன்னிப்புக் கேட்பதுபோல், "டபுள்" என்றார். இந்தத் தடவை அடி அப்பாவுக்கு.

ஏலம் எடுத்தவரின் ஜோடி தன் சீட்டு முழுவதையும் மேஜையில் மல்லாத்தி வைத்துவிட்டுச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்கு டம்மி என்று பேர். மானேஜர் முதல் சீட்டை இறக்கியதும் அம்மா தன்னுடையதை ஒவ்வொரு ஜாதியாக அடுக்கி வைத்தாள். ஆட்டினைக் கடைசியாக வைத்தாள். ராஜா, ஜாக்கி, ஒன்பது, நாலு.

மானேஜர் குனிந்து பார்த்தார். பிறகு கிளப்பே அதிரச் சிரித்தார்.

"அடேயப்பா! இம்புட்டையும் வச்சுக்கிட்டா டீச்சர் டபுள் சொன்னீய? நான் செத்தேன்ல! எப்பா, நீதாம்ப்பா என்னைக் காப்பாத்துன!"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். யாரோ ஒருத்தர் அப்பாவின் தோளைத் தட்டி, "ஏன் சார், வீட்டம்மா டபுளை அப்படியே விட்டிருக்கலாம்ல?" என்று கேட்டார்.

அப்பாவும் சிரித்தார். "பொம்பளை சொல்லுத டபுளை நம்பி எப்படி சார் உக்காருறது?" என்றார்.

அம்மாவின் சீட்டு மேஜையில் மல்லாந்து கிடந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, அப்பா ஒவ்வொரு பிடியாகத் தோற்றுக்கொண்டு போவதை முடிகிறவரை பார்த்தாள்.

திரும்பி வரும் ரயிலில் அவள் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தாள். அடுப்புப்புகை மாதிரி கரி வாசனை உள்ளே வந்தது. "விளையாட்டுதானேட்டி" என்றார் அப்பா. "ஆமா, விளையாட்டுதான்" என்றாள் அம்மா. அடுத்த ஸ்டேஷன் ராஜபாளையம். அதற்கு மேல் பேச நேரமும் இல்லை.

வாத்துக்கூட்டம் போட்ட சீட்டுக்கட்டைப் பிறகு நான் வீட்டில் பார்க்கவில்லை. கேட்டதற்கு, "மானேஜர் வீட்டுப் பிள்ளைகளுக்குக் குடுத்திட்டேன்" என்றாள். அந்தப் பிள்ளைகள் பங்களாத் தோட்டத்தில் அதை வைத்து வீடு கட்டி விளையாடுவதை ஒரு நாள் பார்த்தேன். பாதிச் சீட்டில் மண் ஒட்டியிருந்தது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். ரொம்ப வருஷம் கழித்து வக்கீல் மாமா என்னிடம் சொன்னது. அன்றைக்கு ராத்திரி மானேஜர் அவரிடம், "அவன் மட்டும் அந்த டபுளை அப்படியே விட்டிருந்தான்னா அவனை நம்பி மில்லையே ஒப்படைச்சிருப்பேன். பெண்டாட்டியை விட்டுக்குடுக்குதவன் என்னை விட்டுக்குடுக்க எம்புட்டு நேரமாகும்?" என்றாராம். அப்பா கடைசிவரை இரண்டாவது இடத்திலேயே இருந்து ஓய்வு பெற்றார். யாருக்காகச் செய்தாரோ அவருக்கும் அது பிடிக்கவில்லை என்பது அப்பாவுக்குத் தெரியாமலே போயிற்று.

ஆனால் அப்பா எதற்கும் மறுப்புச் சொல்லமாட்டார் என்பது மட்டும் மானேஜருக்கு அன்றைக்கு உறுதியாகிவிட்டது. அக்கா பரீட்சை தேறிய சேதி வந்த வாரம் வீட்டுக்கு வந்தார். காப்பியைக் கையில் வாங்கிக்கொண்டே, "உங்க மூத்தவளை என் தம்பிக்கு எடுக்கிறதா முடிவு பண்ணிட்டேன். வார மாசம் சபையில கல்யாண ஓலை வாசிச்சுருவோம்" என்றார். அந்தத் தம்பிக்கு முதல் சம்சாரம் செத்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. இரண்டு பிள்ளைகள் வேறு.

"அவ மதுரைக்குப் படிக்கப் போறா, சார்" என்றாள் அம்மா.

"கட்டிக்கிட்ட பொறவு படிக்கட்டுமே. யாரு வேண்டாங்கா?"

அம்மா அப்பாவைப் பார்த்தாள். வெறுமனே பார்த்துக்கொண்டு நின்றாள். அடுக்களை வாசலில் நானும் அக்காவும் ஒருத்தி கையை ஒருத்தி பிடித்துக்கொண்டிருந்தோம்.

"சார் பாத்துச் செஞ்சா சரியாத்தான் இருக்கும்" என்றார் அப்பா.

அம்மா அழவில்லை, சண்டை போடவில்லை. அடுத்த வாரமெல்லாம் வழக்கத்தைவிட நன்றாகச் சமைத்தாள். பிரசவம் முடிந்து திரும்பியிருந்த மானேஜர் சம்சாரத்தோடு உட்கார்ந்து கல்யாணப் புடவையைப் பற்றிப் பேசினாள். கொடியில் அக்காவின் தாவணிகள் குறைந்துகொண்டே வந்தன. வெளுக்கப் போட்டிருப்பதாக அம்மா சொன்னாள். நான் நம்பினேன்.

பள்ளிக்கூடம் திறக்கிற சமயம் அது. ஒரு நாள் காலையில் எனக்குத் தலை பின்னிவிட்டுக்கொண்டே, "ஸ்ரீவில்லிபுத்தூர்ல மாமா வீட்டுல பிள்ளைக்கு ஞானஸ்நானம். அக்காவைக் கூட்டிட்டுப் போயிட்டு சனிக்கிழமை வந்திருவேன்" என்றாள். மாமா என்றால் அவளுடைய அண்ணன்.

"நானும் வாரேன்."

"நீயும் வந்துட்டா அப்பாவுக்கு யாரு சோறு போடுவா? நீ இங்கன இருந்தாத்தான் அவியளுக்கு நிம்மதியா இருக்கும்." பின்னலை வழக்கத்தைவிட இறுக்கிப் பின்னினாள். கேட்டைத் தாண்டும்போது அக்கா திரும்பி என்னிடம் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு நடந்தாள்.

சனிக்கிழமை சாயங்கால ரயிலுக்கு அப்பா ஸ்டேஷனுக்குப் போனார். நான் நாலு பேருக்குச் சோறு வடித்து வைத்திருந்தேன். அவர் தனியாகத் திரும்பி வந்தார். ஞாயிற்றுக்கிழமையும் போனார். திங்கட்கிழமை வக்கீல் மாமா வந்தார், உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார். அக்கா மதுரையில் காலேஜில் சேர்ந்தாயிற்று, ஹாஸ்டலில் இருக்கிறாள். அம்மா தன் அண்ணன் வீட்டில் தங்கி மறுபடியும் மிஷன் பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். இங்கே வருகிற எண்ணம் அவளுக்கு இல்லை.

அவர் போனதும் அப்பா என் பக்கம் திரும்பினார். "உனக்குத் தெரியும்."

"தெரியாதுப்பா."

"அம்மாவும் மகளுமா மத்தியானம் பூரா பாயில உக்காந்து பேசுவீயளே. உனக்குத் தெரியாமலா?"

"சத்தியமாத் தெரியாதுப்பா."

அவர் நம்பவில்லை. அதற்குப் பிறகு வாரக்கணக்கில் அவர் என்னிடம் பேசவில்லை. நான் வைத்த சோற்றைச் சாப்பிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து போவார். என் பள்ளிக்கூடமும் அதோடு நின்றது. யாரும் நிறுத்தவில்லை; காலையில் சோறு பொங்கி, மத்தியானச் சாப்பாடு கொடுத்து, பாத்திரம் தேய்க்கிறவளுக்குப் போக நேரம் இல்லை. பக்கத்து வீட்டு ராஜு வீட்டம்மா சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, தெலுங்கும் தமிழுமாக, "அம்ம ஒச்சிந்தா? வந்துட்டாளா?" என்று தினமும் கேட்பாள். இல்லை என்று தலையாட்டுவேன். ஒரு கிண்ணத்தில் குழம்பு சுவர் மேலேறி வரும்.

நான் படுத்துக்கொண்டு யோசித்ததெல்லாம் ஒன்றுதான். என்னிடம் சொல்லியிருந்தால் நான் காட்டிக்கொடுத்திருப்பேனா? அந்தக் கிளப்பில் அவள் கையைப் பார்த்துவிட்டும் மூஞ்சியில் ஒன்றும் காட்டாமல் உட்கார்ந்திருந்தவள் நான்தானே.

அரை வருஷம் கழித்து, கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம், வாசலில் குதிரைவண்டி வந்து நின்றது. அம்மா இறங்கினாள். மெலிந்திருந்தாள். படியேறவில்லை. அப்பா உள்ளறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் வெளியே வந்தேன். அவள் என் கையைப் பார்த்தாள். சட்டி சுட்ட தழும்பெல்லாம் இருந்தது.

"வாரியா?" என்றாள்.

ஓடிப்போய் அவள் இடுப்பைக் கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. இத்தனை மாசம் அதற்காகத்தான் காத்துக் கிடந்தேன். வாயில் வந்தது வேறு.

"நான் வரலை."

"சரி" என்றாள். "பனிக்காலம். தலைக்கு எண்ணெய் வைக்காம இருக்காதே." வண்டியில் ஏறினாள். வண்டி திரும்பி, கேட்டைத் தாண்டி, ஸ்டேஷன் ரோட்டில் ஏறும்வரை நான் நின்ற இடத்திலேயே நின்றேன். திரும்பிப் பார்ப்பாள், இறங்கி வருவாள், கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போவாள் என்றே நினைத்திருந்தேன். அக்காவை அப்படித்தானே கூட்டிக்கொண்டு போனாள். வண்டிச் சத்தம் கேட்காமல் போன பிறகும் கொஞ்ச நேரம் நின்றிருந்து உள்ளே போனேன். உலையில் அரிசி குழைந்திருந்தது.

அப்பா காலமான பிறகு அம்மா என்னிடம் வந்துவிட்டாள். அக்கா படித்து, பெரிய வேலை பார்த்து, தூரத்தில் இருந்தாள். அம்மாவின் கடைசி ஏழெட்டு வருஷம் என் வீட்டில்தான். நல்லபடியாகத்தான் இருந்தோம். கோபமெல்லாம் ஒன்றும் இல்லை என்றுதான் நானும் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு நாள் மத்தியானம் இரண்டு பேரும் உட்கார்ந்து மொச்சை உரித்துக்கொண்டிருந்தபோது என்னை அறியாமல் கேட்டுவிட்டேன்.

"அன்னைக்கு என்னை இன்னொரு வாட்டி கூப்பிட்டிருக்கலாம்லம்மா?"

எந்த அன்றைக்கு என்று அவள் கேட்கவில்லை. உரிக்கிற கை நின்றது. நிஜமாகவே ஒன்றும் புரியாதவள் மாதிரி என்னைப் பார்த்தாள்.

"நீ வரலைன்னு சொன்னியேட்டி" என்றாள். "நான் அதை நம்புனேன்."